கர்நாடக வயலின் கற்றவர் புளூகிராஸ் ஜாமில் சேரலாமா?

நோட்டேஷன் படிக்க வராது, கர்நாடக வயலின் பத்து வருடம் கற்றிருக்கிறேன், அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலே பக்கம் குடியிருக்கிறேன், வாராவாரம் ஒரு கடையில் புளூகிராஸ் ஜாம் (அமெரிக்க நாட்டுப்புற இசையை வட்டமாகச் சேர்ந்து வாசிப்பது) நடக்கிறது, நான் போய் வாசிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இரண்டு தடவை வாசல்வரை போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் நீங்கள் கேட்பது நோட்டேஷனைப் பற்றி மட்டும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த வட்டத்தில் யார் எப்போது வாசிக்கிறார்கள், நான் எங்கே நுழைவது, நுழைந்தால் எதைக் கெடுத்துவிடுவேன், இதுதான் உங்கள் கேள்வி. நோட்டேஷனுக்குப் பதில் ஒரே வரி: அங்கே யாரும் தாள் பார்த்து வாசிப்பதில்லை. காதால் பிடிப்பதுதான் அந்த மரபு. மீதிக் கேள்விக்குத்தான் விரிவான பதில் வேண்டும்.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு இரண்டு வேறு சங்கீதங்கள் ஒன்றுபோலக் கேட்கும். ஒன்று புளூகிராஸ். கென்டக்கியின் ரோசைன் ஊரில் 1911-இல் பிறந்த பில் மன்றோ நடத்திய புளூ கிராஸ் பாய்ஸ் என்ற குழுவின் பெயரே அந்தச் சங்கீதத்துக்குப் பெயராயிற்று. 1945 டிசம்பரில் வட கரோலினாவின் கிளீவ்லண்ட் கவுண்டிக்காரரான ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பாஞ்சோவோடு (பாஞ்சோ, தோல் போர்த்த தந்தி வாத்தியம்) அந்தக் குழுவில் சேர்ந்த பிறகு கேட்ட ஒலியைத்தான் இன்றைக்கும் எல்லாரும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். இன்னொன்று ஓல்ட் டைம். ரேடியோவும் மேடையும் வருவதற்கு முன்பே அப்பலாச்சிய மலை ஊர்களில் நடனத்துக்கு வாசித்த மரபு அது. உங்கள் பகுதியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மவுண்ட் ஏரி வட்டாரம், அதை ஒட்டிய வர்ஜீனியாவின் கேலக்ஸ் இவையெல்லாம் அதன் தாய்வீடு.

எது நடக்கிறது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஒருவர் பாட, ஒவ்வொருவராக மாறி மாறித் தனியாக வாசித்தால் புளூகிராஸ். யாரும் தனியாக வாசிக்காமல் எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து திரும்பத் திரும்ப வாசித்தால் ஓல்ட் டைம். பாஞ்சோக்காரரின் கையையும் பாருங்கள். விரல்களில் உலோக நகம் மாட்டிக்கொண்டு மேல்நோக்கிச் சுண்டினால் புளூகிராஸ். வெறும் நகத்தின் முதுகால் கீழ்நோக்கி அடித்து, கட்டைவிரலால் குட்டை ஐந்தாம் தந்தியைத் தட்டினால் ஓல்ட் டைம். அந்த அடிக்கு கிளாஹேமர் என்று பெயர். ஒன்றின் வழக்கத்தோடு மற்றதில் போய் உட்கார்ந்தால்தான் முகம் சுளிப்பார்கள். ஓல்ட் டைம் வட்டத்தில் தனி ஆவர்த்தனம்போல ஒருவர் கிளம்பினால் அது மரியாதைக்குறைவு. புளூகிராஸ் வட்டத்தில் பாடகர் பாடும்போது மெட்டைக் கூடவே வாசித்தாலும் அப்படித்தான்.

என் யோசனை, முதலில் ஓல்ட் டைமுக்குப் போங்கள் என்பது. காரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. கர்நாடக வயலினைக் கனத்த தந்தியிலிருந்து ச-ப-ச-ப என்று சேர்க்கிறோம். மலைக்காரர்கள் 'ஏ' சுருதி மெட்டுகளுக்கு ஃபிடிலை, அதாவது வயலினைத்தான், ஏ-இ-ஏ-இ என்று சேர்ப்பார்கள். அதாவது ஆறு கட்டையில் ச-ப-ச-ப. ஒற்றுமை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவில்லை, இடைவெளிகள் அச்சு அசலாக ஒன்றேதான். நோக்கமும் ஒன்றே: வாசிக்காத தந்தி கூடவே ஒலித்துச் சுருதி தரவேண்டும். இரண்டு மரபும் தனித்தனியே இங்கே வந்து சேர்ந்தன என்பதே பொருத்தமான விளக்கம். ஒன்று மற்றதிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஆனால் வயலினை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நம் ஊர் வழக்கப்படி அது வழக்கமான மேற்கத்திய சுருதியைவிட நன்றாகக் கீழே இறக்கிச் சேர்க்கப்பட்டிருக்கும். இரண்டரைக் கட்டையில் வைத்திருந்தால், முதல் தந்தி இருக்கும் இடத்திலிருந்து 'இ'க்கு ஏற ஆறு அரைசுரம் முறுக்கவேண்டும். தந்தி அறும், அறாவிட்டால் மேற்பலகைக்குப் பாரம். ஸ்டீல் கோர் தந்தி ஒரு செட் புதிதாக வாங்கி, ஒவ்வொன்றாக மாற்றி, முதலில் ஜி-டி-ஏ-இ என்ற பொதுச் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் குதிரை விழும், உள்ளே இருக்கும் சவுண்ட் போஸ்ட்டும் சாயலாம். ஜி-டி-ஏ-இயிலிருந்து ஏ-இ-ஏ-இக்குப் போக, கனத்த இரண்டு தந்திகளை மட்டும் ஒரு முழுச்சுரம் ஏற்றினால் போதும். ஏற்றும்போது தந்தி குதிரையின் தலையைத் தன்னோடு விரல்பலகைப் பக்கம் இழுக்கும். பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வால்பலகையைப் பார்த்த முகம் மேற்பலகைக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். சாய்ந்திருந்தால் இரண்டு கையாலும் மேல் விளிம்பைப் பிடித்து மெல்லப் பின்னால் தள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டுக் குதிரை வளைந்துபோனவர்கள் நிறையப் பேர். ஏற்றி முடித்ததும் மற்ற இரண்டும் சற்று இறங்கியிருக்கும், மறுபடி சேர்க்கவேண்டும். கிளிப் ட்யூனரில் 440 என்று வைத்திருங்கள். இங்கே சுருதி பாடகரோடு நகராது, பாஞ்சோவுக்கும் கிட்டாருக்கும் பொதுவானது.

ஓல்ட் டைம் மெட்டின் உடற்கூறு எளிது. இரண்டு பாகம், ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஒரு பாகத்துக்குக் காலால் 16 தட்டு என்று வைத்தால் ஒரு சுற்று 64 தட்டு. நடன வேகம் நிமிடத்துக்கு 110 தட்டுக்குப் பக்கம் இருக்கும், ஒவ்வொரு தட்டுக்குள்ளும் சதுஸ்ரமாக நான்கு சுரம். ஒரு சுற்று சுமார் 35 விநாடி. பன்னிரண்டு சுற்று போனால் ஏழு நிமிடம், அது சகஜம். தெரியாத மெட்டைப் பிடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. முதல் மூன்று சுற்றுக்கு வில்லை எடுக்காதீர்கள், பாகம் எங்கே மாறுகிறது என்று மட்டும் கேளுங்கள். அடுத்த மூன்றில் ஒவ்வொரு பாகத்தின் கடைசிச் சுரத்தையும் மட்டும் வாசியுங்கள். அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். மெட்டைத் தொடங்கியவர் காலை முன்னால் தூக்கினால் அதுதான் கடைசிச் சுற்று. சில மெட்டுகளில் ஓரிரு தட்டு கூடுதலாகவோ குறைவாகவோ வரும். அவற்றுக்குக் கோணல் மெட்டு என்றே பெயர். கணக்குத் தப்பியது நீங்கள்தான் என்று பதறவேண்டாம், அடுத்த சுற்றில் அதே இடத்தைக் கேளுங்கள்.

இடதுகை உங்களுக்குப் பிரச்சினை இல்லை. வலதுகைதான் பிரச்சினை. நம் வில் நீண்டு ஓடும், தாளத்தை மிருதங்கம் பார்த்துக்கொள்ளும். இங்கே மிருதங்கமும் இல்லை, டிரம்ஸும் இல்லை. வில்லே தாளவாத்தியம். ஒரு நீளம், இரண்டு குட்டை என்ற ஷஃபிள்தான் அடிப்படை. நீளத்துக்கு அரைத் தட்டு, குட்டைகளுக்குக் கால் கால் தட்டு. வில்லின் நடுவிலிருந்து மேல்பாதிக்குள், ஒரு சாண் அளவுக்குள் அடக்குங்கள். வெறும் ச-ப இரண்டு தந்தியையும் சேர்த்துப் பிடித்து, விரல் வைக்காமல், மெட்ரோனோம் 70-இல் தொடங்கித் தினமும் பத்து நிமிடம். மெட்டைத் தொடங்கும்போது இதையே நாலு தட்டுக்கு வாசிப்பார்கள். அதற்கு உருளைக்கிழங்கு என்று பெயர், நாலு உருளைக்கிழங்கு முடிந்ததும் எல்லாரும் நுழையவேண்டும்.

இனி புளூகிராஸ். இங்கே உங்கள் பயிற்சி ஒரு இடத்தில் உதவும், ஒரு இடத்தில் நேர் எதிராக நிற்கும். நமக்கு ஷட்ஜம் ஒருபோதும் தப்பாகாது. தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்கே தொலைந்தாலும் ஷட்ஜத்தில் வந்து நிற்கலாம். புளூகிராஸில் கீழே தரை நகர்கிறது. கிட்டார்காரர் பிடிக்கும் கார்டு என்பது மூன்று சுரங்களின் கூட்டு. ஒன்று என்றால் ச-க-ப. நான்கு என்றால் ம-த-ச. ஐந்து என்றால் ப-நி-ரி. பெரும்பாலான பாட்டுகள் இந்த மூன்றுக்குள் முடிந்துவிடும். ஐந்து ஓடும்போது நீங்கள் ஷட்ஜத்தை நீட்டினால், அது பக்கத்திலிருக்கும் காகலி நிஷாதத்தோடு உரசும். கர்நாடகப் பயிற்சியோடு வருபவர்கள் வட்டத்தில் செய்யும் தவறுகளில் பெரியது இதுதான், அதுவும் நல்ல சுருதி சுத்தத்தோடு செய்கிற தவறு என்பதால் அவர்களுக்கே புரியாது. இதற்கு மருந்து ஒன்றே. ஒரு மாதம் மெட்டு வாசிக்காமல், பதிவுகளோடு சேர்ந்து அந்தந்தக் கார்டின் ஒரு சுரத்தை மட்டும் நீட்டி வாசியுங்கள். ஒன்றில் க, நான்கில் ம, ஐந்தில் ரி என்று வைத்துக்கொண்டால் க-விலிருந்து விரல் ஒரு சுரத்துக்கு மேல் நகரவே வேண்டாம். அடுத்து எது வருகிறது என்பது ராகத்தில் அடுத்த சஞ்சாரம் தெரிவதுபோலத் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

சுருதியைக் கட்டைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு அது கைகொடுக்கும். ஜி ஐந்து கட்டை, ஏ ஆறு, பி ஏழு, சி ஒன்று, டி இரண்டு, இ மூன்று. ஆண்குரல் புளூகிராஸில் ஜி, ஏ, பி மூன்றும் அதிகம், பெண்கள் பாடும்போது சி, டி, இ அடிக்கடி வரும். இங்கே ஃபிடில்காரர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி மாற்றிச் சேர்ப்பதில்லை, ஜி-டி-ஏ-இயிலேயே எல்லாவற்றையும் வாசிப்பார்கள். அதாவது ஷட்ஜம் ஒவ்வொரு பாட்டுக்கும் வேறு தந்தியில், வேறு விரலில் இருக்கும். இரண்டு கட்டையில் எடுத்துக்கொண்டால் வெறும் தந்திகள் ம-ச-ப-ரி ஆகும். நம் சேர்ப்பில் மந்தர நிஷாதத்துக்குப் பிறகு அடுத்த வெறும் தந்தி ஷட்ஜம் என்ற பழக்கம் விரலில் ஊறியிருக்கும். இங்கே நிஷாதத்துக்குப் பிறகு அதே தந்தியில் இன்னொரு விரல் வைத்தால்தான் ஷட்ஜம், அடுத்த வெறும் தந்தி ரிஷபம். சங்கராபரண ஆரோகண அவரோகணத்தை டி, ஜி, ஏ மூன்றிலும் போட்டுப் பழகுங்கள். மூன்று வாரத்தில் விரல் ஒப்புக்கொள்ளும். பி-க்கு அவசரப்படவேண்டாம், அங்கே வெறும் தந்தியின் உதவி குறைவு.

எந்தச் சுருதியில் வாசிக்கிறார்கள் என்பது காதில் விழாமல் போனால் கிட்டாரைப் பாருங்கள். கேப்போ என்ற கவ்வி இரண்டாம் கட்டத்தில் இருந்து, கை ஜி வடிவத்தில் இருந்தால் பாட்டு ஏ. நாலாம் கட்டத்தில் இருந்தால் பி. ஜி, சி, டி மூன்று வடிவங்களையும் தூரத்திலிருந்து அடையாளம் காணப் பழகிவிட்டால், தெரியாத பாட்டிலும் ஒரு நொடி முன்னதாகக் கார்டு தெரிந்துவிடும். அனுபவசாலிகளும் இதைத்தான் செய்கிறார்கள், அதனால்தான் வட்டத்தில் எல்லாருடைய கண்ணும் கிட்டார்காரரின் இடதுகையில் இருக்கும்.

ராகக் காது எங்கே உதவும் என்றால் மெட்டில். பழைய மெட்டுகளில் பல மோகனத்துக்குள்ளேயே அடங்கும். ஓல்ட் ஜோ கிளார்க் என்ற, எல்லா வட்டத்திலும் வரும் மெட்டின் சுரங்கள் ஹரிகாம்போஜி. அதன் கைசிகி நிஷாதத்தைக் கேட்டதும் பிடித்துவிடுவீர்கள். மேற்கத்திய முறையில் படித்து வந்தவர்கள் அங்கே காகலியை வாசித்துத் தடுமாறுவார்கள். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே நிற்கும் ஒரு காந்தாரம் இந்தச் சங்கீதம் முழுக்கப் பரவியிருக்கிறது. கீழிருந்து அந்தரத்துக்கு இழுத்து ஏறும் ஜாரு உங்களுக்குக் கைவந்தது, தாராளமாகப் போடுங்கள். கம்பிதம் வேண்டாம். கட்டம் போட்ட வாத்தியங்கள் அந்தக் காந்தாரத்தை அசையாமல் பிடித்திருக்கும்போது நீங்கள் ஆட்டினால் அபசுரமாகத்தான் கேட்கும்.

ஒரு பாட்டு எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். யாருடைய முறையோ அவர் பாட்டின் பெயர் சொல்லி, 'ஜி' என்பார். சில நேரம் 'பல்லவியில் நான்கில் தொடங்கும்' என்று ஒரு குறிப்பும் தருவார். ஒருவர் கடைசி வரியின் மெட்டை வாசித்துத் தொடங்கிவைப்பார். பேஸ் தட்டில் விழும், மேண்டலின் அரை இடத்தில் வெட்டும். சாப் என்று சொல்லும் அந்த வெட்டுதான் புளூகிராஸின் மிருதங்கம். ஒரு சரணமும் பல்லவியும் முடிந்ததும் பாடகர் யாரையாவது பார்த்துத் தலையசைப்பார். அவர் பாட்டின் ஒரு சரண நீளத்துக்கு வாசிப்பார். இதுதான் பிரேக். மறுபடி பாட்டு, அடுத்தவருக்குப் பிரேக். வட்டத்தில் வரிசையாகவும் சுற்றலாம், பாடகர் விருப்பப்படியும் போகலாம். இது இடத்துக்கு இடம் மாறும், உங்கள் கடையில் எது என்பதை அங்கே ஒரு மணி நேரம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். உங்கள் பக்கம் பார்வை வந்து, தயாராக இல்லை என்றால் சட்டென்று தலையை ஆட்டி மறுத்துவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். தயங்கி இரண்டு தட்டு கழித்து மறுத்தால்தான் பாட்டில் ஓட்டை விழும். ஏற்றுக்கொண்டால் பாடிய மெட்டையே எளிமையாக வாசியுங்கள். நடுவில் தொலைந்தாலும் நிறுத்தாமல், கார்டின் ஒரு சுரத்தில் ஷஃபிளை ஓட்டி, கடைசி வரியில் சேர்ந்துகொள்ளுங்கள். எடுப்பும் முடிப்பும் சரியாக இருந்தால் நடுவில் நடந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பிரேக் ஒரு பாட்டில் அதிகபட்சம் அரை நிமிடம். மற்ற நாலு நிமிடமும் பக்கவாத்தியம்தான். கச்சேரியில் பாடகருக்குப் பின்தொடர்ந்து வாசித்த அனுபவம் இருந்தால் அதை இங்கே கழற்றி வைக்கவேண்டும். பாடகர் பாடும் வரியை நிழல்போல வாசிப்பது அங்கே பக்கவாத்திய தர்மம், இங்கே குறுக்கீடு. பாடும்போது நீண்ட ஒற்றைச் சுரம், அல்லது மௌனம். வரிக்கும் வரிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மட்டும் சின்ன நிரவல், அதுவும் வேறு யாரும் அங்கே வாசிக்காவிட்டால். மேண்டலின் இல்லாத வட்டமானால் ஃபிடிலில் சாப் போடலாம். வில்லின் அடிப்பகுதியை, இடதுகையால் மூடிய இரண்டு தந்திமேல் அரை இடத்தில் செங்குத்தாகப் போடுவது. மேண்டலின் இருந்தால் விட்டுவிடுங்கள், இரண்டு சாப் ஒருபோதும் ஒன்றாக விழாது. பாடுபவரின் வார்த்தை உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் சும்மா விரல் ஓட்டாதீர்கள். பாஞ்சோக்காரர் அப்போதுதான் கேப்போ மாற்றிச் சுருதி சேர்க்கிறார், நம் சங்கதி அவர் காதைக் கெடுக்கும்.

உட்கார்ந்து வாசிப்பதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். தரையில் உட்காரமுடியாது. ஓல்ட் டைமில் எல்லாரும் நாற்காலியில், புளூகிராஸில் பல இடங்களில் நின்றபடி. வயலின் தலை கணுக்காலில் ஊன்றாதபோது இடதுகைதான் பாரம் தாங்கும், ஜாரு இழுக்கும்போது வாத்தியமே நகரும். தோள்தாங்கி மாட்டி இரண்டு மாதம் பழகினால் சரியாகும். மலைக்காரப் பழைய ஃபிடில்காரர்கள் பலர் மார்பில் சாய்த்துத்தான் வாசித்தார்கள், அதனால் பிடிப்பு வேறாக இருக்கிறது என்று யாரும் உங்களை விசித்திரமாகப் பார்க்கப்போவதில்லை.

வெளியாள் என்று நினைப்பார்களோ என்பதை நீங்கள் நேராக எழுதவில்லை, ஆனாலும் பதில் சொல்கிறேன். எல்லா வட்டமும் ஒன்றுபோல இருக்காது, நான் உத்தரவாதம் தரமுடியாது. ஆனால் இது வெள்ளைக்கார மலைவாசிகளின் சொத்து என்ற எண்ணம் வரலாற்றில் நிற்காது. பாஞ்சோ, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாத்தியம். இது உறுதி. எந்த ஆப்பிரிக்க வாத்தியத்திலிருந்து நேராக வந்தது என்பதில்தான் விவாதம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் மெபேன் ஊரில் ஜோ தாம்ப்சன் என்ற கறுப்பின ஃபிடில்காரர் 2012 வரை வாழ்ந்தார். அவரிடம் உட்கார்ந்து கற்றவர்கள்தான் பாடகி ரியானன் கிடன்ஸும் கரோலினா சாக்லெட் டிராப்ஸ் குழுவினரும். அவர் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள், வில் தாளமாவது என்னவென்று என் நாலு பத்தியைவிட நன்றாகப் புரியும்.

எங்கே தொடங்குவது என்றால், ராலேயில் பைன்கோன் என்ற அமைப்பு 1984 முதல் மரபிசைக்காகவே இயங்குகிறது, அவர்களிடம் ஸ்லோ ஜாம் எப்போது என்று கேளுங்கள். ஹாட் ரைஸ் குழுவின் பாஞ்சோக்காரர் பீட் வெர்னிக் வகுத்த முறையில் ஜாம் வகுப்புகள் பல ஊர்களில் நடக்கின்றன. மேலே சொன்ன ஒழுங்குகளைத்தான் அவர்கள் கையைப் பிடித்துக் கற்றுத்தருகிறார்கள். புளூகிராஸ் சங்கமான ஐ.பி.எம்.ஏ.-யின் வருடாந்தர வாரம் 2013 முதல் 2024 வரை ராலேயிலேயே நடந்தது. 2025-இல் அது டென்னசியின் சட்டநூகாவுக்குப் போய்விட்டதால், பழைய பதிவுகளைப் படித்துவிட்டு இலையுதிர்காலத்தில் ராலே தெருவில் காத்திருக்காதீர்கள். ஏப்ரல் கடைசியில் வில்க்ஸ்பரோவில் மெர்ல்ஃபெஸ்ட் என்ற இசைவிழா இருக்கிறது. ஆகஸ்டில் கேலக்ஸில் 1935-இல் தொடங்கிய ஃபிடில்காரர் மாநாடு. அங்கே மேடைப் போட்டியைவிடக் கூடாரங்களுக்கு நடுவே விடிய விடிய நடக்கும் வட்டங்கள்தான் முக்கியம், அவற்றில் பின்வரிசையில் நின்று மெல்ல வாசிக்கத் தடையில்லை. ஆஷ்வில் பக்கம் மலைக்குப் போவதானால் கிளம்புமுன் புளூ ரிட்ஜ் பார்க்வேயின் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பாருங்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அந்தச் சாலையைப் பல இடங்களில் அரித்துவிட்டது.

உள்ளூர்க் கடைக்கு இந்த வாரமே போங்கள், வயலினோடு. வாசலில் நிற்காமல் பாட்டு முடியும்வரை காத்திருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் 'பின்னால் உட்கார்ந்து வாசிக்கலாமா' என்று கேளுங்கள். பெட்டியில் மாற்று 'இ' தந்தி ஒன்று, ட்யூனர், ரோசின் இருக்கட்டும். மடக்கு நாற்காலி எடுத்துப்போவதானால் கைப்பிடி இல்லாததாகப் பாருங்கள், இருந்தால் வில் போடும்போது முழங்கை இடிக்கும்.